கார் சீட்டில் நாம் தொடுவது தோலா, பூச்சா?

கார் விவரத்தாளில் 'லெதரெட்' என்று அச்சிட்டிருக்கும். விற்பவர் பேச்சில் அது 'லெதர்' ஆகிவிடும். சீட் கவர் கடைக்குப் போனால் ஏறக்குறைய அதே பொருளுக்கு 'நப்பா' என்று பெயர். மின்சாரக் கார் என்றால் 'வீகன் லெதர்'. நான்கு சொற்கள், நான்கு விலைகள். வாங்குகிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. குழப்பத்தோடு வாங்கியவர், பராமரிப்பையும் குழப்பத்தோடுதான் செய்கிறார்: ரெக்ஸினுக்குத் தோல் கிரீம் தடவுகிறார், நிஜத் தோலைத் துணி சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்.

எதற்கு என்ன பெயர், கடலும் அனல் மின் நிலையச் சாம்பலும் மழைத் தண்ணீரும் சேர்ந்த வடசென்னையில் எது தாங்கும், வாங்கியதை எப்படிக் காப்பாற்றுவது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே திறவுகோல்தான். கார் சீட்டில் நம் கை படுவது பெரும்பாலும் தோல் அல்ல, அதன் மேலுள்ள பூச்சு. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

பச்சைத்தோல் சீட்டாக மாறும் வழி

மாட்டுத்தோலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பகுதி தெரியும். மேலே, ரோமக்கால் துளைகளோடு நெருக்கமாகப் பின்னிய மெல்லிய அடுக்கு. இதை 'கிரெயின்' என்பார்கள். கீழே, தடித்த, தளர்ந்த நார் அடுக்கு. இரண்டுமே கொலாஜன் என்ற புரத இழைகள். அப்படியே விட்டால் அழுகிவிடும். அழுகாமல் அந்த இழைகளைக் கட்டிப்போடும் வேலைதான் பதனிடுதல்.

தமிழ்நாட்டின் பழைய முறையில் அதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போதும். 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பெயரோடு மதராஸிலிருந்து கப்பல் ஏறியது அந்தச் சரக்குதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் மதராஸில் குரோமிய உப்பால் பதனிடும் சோதனைகளை நடத்தினார். பிறகு வந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. தோல் வியாபாரம் என்றால் இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய பெரியமேடுதான். அதனால் வடசென்னைக்காரருக்குத் தோல் ஒன்றும் அந்நியமான பொருள் அல்ல. ஆனால் செருப்புத் தோலும் பைத் தோலும் வேறு, கார் தோல் வேறு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பதனிடும் முறைக்கும் சூடு தாங்கும் சக்திக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஈரமான தோல் ஒரு குறிப்பிட்ட சூட்டில் சட்டென்று சுருங்கும். குரோம் தோல் கொதிநீரையே தாங்கிவிடும். பட்டை போட்ட தோலும், இன்று பல ஐரோப்பிய கார்களில் வரும் குரோம் இல்லாத தோலும், அதைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். காய்ந்திருக்கும்வரை இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நனைந்த பிறகுதான் தெரியும்.

பதனிட்ட தோலுக்குச் சாயம் ஏற்றியபின் மேலே பூசுவதைப் பொறுத்து மூன்று வகை:

1. அனிலின்: உள்ளே ஊறிய சாயம் மட்டும், மேலே நிறப்பூச்சு கிடையாது. தொட்டால் மென்மை, பார்த்தால் அழகு. ஒரு சொட்டு காபி விழுந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். கார்களில் மிக அரிது.

2. செமி அனிலின்: மெல்லிய நிறப்பூச்சு. விலை உயர்ந்த கார்களில் வரும்.

3. பிக்மென்ட்: நிறமி கலந்த பூச்சு, அதன் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கின் நிறமற்ற காப்புப் பூச்சு. தோல் சீட் உள்ள கார்களில் மிகப் பெரும்பான்மை இதுதான்.

ஆக, 'நிஜத் தோல்' சீட்டிலும் உடம்பு படுவது ஒரு மெல்லிய பாலியூரித்தேன் ஏட்டின் மேல். அழுக்கு படிவது அங்கே, தேய்வது அதுவே, முதலில் வெடிப்பதும் அதுவே. உள்ளே இருக்கும் தோலுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும் என்று சொல்லி விற்கப்படும் பல புட்டிகள் இந்த ஏட்டைத் தாண்டி அதிகம் உள்ளே போவதில்லை.

கடைச் சொற்களும் நிஜப் பொருளும்

1. ஃபுல் கிரெயின், டாப் கிரெயின்: தோலின் மேலடுக்கு. முதலாவதில் மேற்பரப்பை இழைப்பதில்லை. இரண்டாவதில் கீறல், உண்ணிக் கடித் தழும்பு போன்றவற்றை இழைத்துச் சீராக்கி, தோல் வரி போல அச்சுக் கொடுத்திருப்பார்கள்.

2. ஸ்ப்ளிட்: மேலடுக்கை எடுத்தபின் மிஞ்சும் கீழடுக்கு. மேலே கனமான பூச்சுப் போட்டு விற்பார்கள். இதுவும் தோல்தான். ஆனால் மடியும் இடத்தில் பூச்சு சீக்கிரம் விட்டுவிடும்.

3. பாண்டட் லெதர்: தோல் துகளைப் பசையோடு சேர்த்துத் தட்டிய தகடு. பெயரில் லெதர் இருந்தாலும் உழைப்பில் இல்லை. கார் சீட்டுக்கு இதை யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. ரெக்ஸின்: பிரிட்டனில் ஒரு கம்பெனியின் வணிகப் பெயராக இருந்த சொல். நம் ஊரில் பூச்சுத் துணி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் துணி மேல் பிவிசி பிளாஸ்டிக்.

5. லெதரெட், பியு லெதர், வீகன் லெதர்: மூன்றுமே செயற்கைதான். துணி மேல் பாலியூரித்தேன் (சுருக்கமாக பியு), அல்லது பிவிசி, அல்லது கீழே பிவிசி மேலே பாலியூரித்தேன்.

6. நப்பா: உண்மையில் இது மென்மையான, மேலடுக்கு கெடாத தோலைக் குறிக்கும் சொல். சீட் கவர் கடைகளில் 'நப்பா' என்று காட்டப்படுவது பெரும்பாலும் மென்மையான பியு துணி. சொல்லை நம்பி விலை கொடுக்கக் கூடாது.

விலங்குத் தோல் அல்லாததற்கு 'லெதர்' என்ற சொல்லையே சேர்க்கக் கூடாது என்று இத்தாலியில் 2020-இல் சட்டம் வந்தது. நம் ஊர்க் கடைகளில் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்க்க முடியாது. வாங்குகிறவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. 'லெதர் சீட்' என்று நிஜமாகவே எழுதியிருந்தாலும், பல கார்களில் முதுகும் தொடையும் படுகிற முன்பக்கம் மட்டும்தான் தோல். பக்கவாட்டும் பின்புறமும் செயற்கை. விவரத்தாளின் கீழே சின்ன எழுத்தில் அது இருக்கும். ஏமாற்று என்று இதைச் சொல்ல முடியாது, உலகம் முழுக்க நடக்கும் வழக்கம். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

தண்ணீர் சொட்டு வைத்துப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, தீக்குச்சி காட்டுவது என்று பல வழிகள் புழக்கத்தில் உண்டு. தண்ணீரைப் பூச்சுத் தோலும் உறிஞ்சாது, ரெக்ஸினும் உறிஞ்சாது. வாசனையைச் செயற்கையாகவும் சேர்க்கிறார்கள். தீயைக் காருக்குள் கொண்டுபோகவே கூடாது. மேலே உள்ள துளை வரிகளைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. நிஜத் தோலிலும் அச்சுக் கொடுக்கிறார்கள்.

நம்பகமான வழி, பின்புறத்தைப் பார்ப்பது. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு குஷன் கடையில் பழைய சீட்டைப் பிரிக்கும்போது அருகே நின்று பாருங்கள். தையல் ஓரத்தில் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பினால் ரெக்ஸினில் பனியன் துணி போன்ற பின்னல் தெரியும். நகத்தால் சுரண்டினால் நூல் பிரியும். தோலில் பின்னல் இருக்காது, திருப்பிய மாம்பழத் தோல் போல நார் நாராக இருக்கும். வெட்டு ஓரத்தில் தோல் ஒரே பொருளாகத் தெரியும், மேலே மட்டும் ஒரு நிறக்கோடு. ரெக்ஸினில் துணி ஒரு அடுக்கு, நுரை போன்ற பிளாஸ்டிக் ஒரு அடுக்கு, தோல் போன்ற மேல் ஏடு ஒரு அடுக்கு என்று கேக் வெட்டியது மாதிரி தெரியும். ஷோரூம் காரில் இதைப் பார்க்கத் தலைசாய்ப்பானின் அடிப்பக்கமோ சீட்டுக்குக் கீழ் மடித்த ஓரமோ உதவும்.

இரண்டாவது வழி, விலை சொல்லும் அலகு. தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படும். விலங்கின் உடம்பு வடிவில் ஒழுங்கற்றுத்தான் இருக்கும். ரெக்ஸின் சுருளாக வரும், மீட்டர் கணக்கில் விற்கப்படும். 'ஒரிஜினல் லெதர்' என்று சொல்லிவிட்டு மீட்டருக்கு விலை சொன்னால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை.

வடசென்னை ஒரு சீட்டை என்ன செய்கிறது

தோல் பராமரிப்பு பற்றி வெளிநாட்டிலிருந்து வரும் குறிப்புகள் எல்லாம் ஒரே பயத்தில் எழுதப்பட்டவை: தோல் காய்ந்து வெடித்துவிடும் என்று. அது பாலைவன ஊருக்கும் குளிர் நாட்டுக்கும் பொருந்தும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம் உண்டு. இங்கே தோல் காய்ந்து சாவது அரிது. நம் எதிரிகள் வேறு.

முதல் எதிரி ஈரத்தோடு சேர்ந்த சூடு. மே மாதம் தெருவில் நிறுத்திய காரின் சீட் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். பாலியூரித்தேனில் ஒரு வகை, சூடும் ஈரமும் சேரும்போது தண்ணீர் மூலக்கூறால் உடைந்துபோகும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பாலியெஸ்டர் அடிப்படையில் செய்த மலிவான பியு இதில் முதலில் போகும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு பொருக்குப் பொருக்காக உரிந்து சட்டையில் ஒட்டும். வீட்டில் பீரோவுக்குள் வைத்த கைப்பை, பயன்படுத்தாமலே உரிந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். உரிய ஆரம்பித்தபின் எந்த கிரீமும் அதை நிறுத்தாது. பாலிகார்பனேட் அடிப்படையிலான பியு நன்றாகத் தாங்கும். ஆனால் கடையில் அந்த அளவுக்கு விவரம் கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.

பிவிசிக்கு இந்த நோய் இல்லை. அதன் கோளாறு வேறு. அதை வளைய வைப்பதற்காகக் கலந்த எண்ணெய் போன்ற பொருள் வெயிலில் மெல்ல ஆவியாகும். முன் கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாகப் படியும் ஏட்டில் அதன் பங்கும் உண்டு. வருடக்கணக்கில் அது போகப் போக ரெக்ஸின் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். இருந்தாலும் ஈரக் கடற்காற்றில் சுமாரான பிவிசி, சுமாரான பியுவைவிட அதிக நாள் நிற்கும் என்பதே என் கணிப்பு. நம் ஆட்டோக்களில் வெயில் மழை எல்லாம் வாங்கிக்கொண்டு ரெக்ஸின் உழைப்பதைத் தினமும் பார்க்கிறோம்.

இரண்டாவது எதிரி தூசி. அனல் மின் நிலையச் சாம்பல் படிகிற எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்திலும், கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் எண்ணூர் விரைவுச்சாலையிலும் சீட் மேல் படியும் பொடி, சாதாரண மண் அல்ல. சாம்பலில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி போன்ற கடினமான சிலிக்காத் துகள். அது படிந்த சீட்டில் உட்கார்ந்து எழுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. ஈரத்துணியால் அப்படியே துடைத்தாலும் அதே கதிதான்.

மூன்றாவது, நம் உடம்பு. வியர்வையும் உடல் எண்ணெயும் பூச்சை மெல்ல இளக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வழக்கம் உள்ள நமக்கு முதலில் கெடுவது தலைசாய்ப்பான். அங்கே நிறம் கறுத்து, தொட்டால் ஒட்டும். அடுத்தது ஸ்டியரிங். புதிதில் மங்கலாக இருந்த ஸ்டியரிங் ஓராண்டில் பளபளவென்று ஆனால், 'மெருகேறிவிட்டது' என்று நினைக்கிறோம். அந்தப் பளபளப்பு எண்ணெயும் அழுக்கும்தான். சுத்தமான தோல் மங்கலாகத்தான் இருக்கும்.

நான்காவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு வாரம் திறக்காமல் நிறுத்திய காரில் பூஞ்சை பூக்கும். அது தின்பது பெரும்பாலும் சீட்டில் படிந்த வியர்வை, உணவுத் துணுக்கு, தடவிய எண்ணெய். அதிகமாக கிரீம் தடவிய சீட்டில் அதிகமாகப் பூஞ்சை வருவதற்குக் காரணம் இதுதான்.

யாருக்கு எது

தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் டாக்ஸிக்குத் தோல் தேவையில்லை. துணி சீட்டின் மேல் துவைக்கக்கூடிய உறை, இல்லையென்றால் கனமான பிவிசி. குழந்தைகள் ஏறி இறங்கும், தெருவோரம் நிற்கும் குடும்பக் காருக்கு, கம்பெனி கொடுத்த துணி சீட் நன்றாக இருக்கும்போது அதை மூடி லெதரெட் போடுவதில் பெரிய லாபம் இல்லை. துணி காற்று விடும். நம் வெயிலுக்கு அதுவே சுகம். அழுக்கு துடைக்கச் சுலபம் என்பதற்காக லெதரெட் வேண்டுமானால் பிவிசி அடிப்படையிலானதைக் கேளுங்கள், ஒரு துண்டு வாங்கி மடித்துப் பின்புறம் பாருங்கள்.

கம்பெனியிலிருந்தே நிஜத் தோல் வந்திருந்தால் அதன் மேல் எந்த உறையும் போடாதீர்கள். உறைக்கும் தோலுக்கும் நடுவே சிக்கும் சாம்பலும் வியர்வையும் திறந்த சீட்டைவிட வேகமாகத் தோலை அரிக்கும்.

நிறத்தில் ஒரு கருத்து. கறுப்பு வெயிலில் கொதிக்கும், சாம்பலையும் பளிச்சென்று காட்டும். பீஜ் நிறம் ஷோரூமில் மனத்தை இழுக்கும். ஆறு மாதத்தில் ஜீன்ஸின் நீலமும் புதுச் சேலையின் சாயமும் ஏறியிருக்கும். நடுத்தரப் பழுப்போ சாம்பல் நிறமோ வடசென்னைக்கு ஏற்றது.

இனி பெரியமேட்டு விஷயம். 'தோல் நம் ஊர்ச் சரக்குதானே, பெரியமேட்டில் நாமே வாங்கிக் குஷன் கடையில் தைத்துக்கொள்ளலாமே' என்பது நியாயமான யோசனை. செய்யலாம், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டு. அங்கே புழங்குவதில் பெரும்பகுதி காலணி, பை, ஆடைக்கான தோல். ஆட்டுத்தோல் மென்மையாக இருக்கும், ஆனால் சிறியது, மெல்லியது. சீட்டுக்கு ஒட்டுத்தையல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஷூவின் மேல்தோலுக்கு, தினமும் மணிக்கணக்காக வெயிலும் வியர்வையும் படும் சோதனை வைத்திருக்க மாட்டார்கள். நிறம் வெளுக்கும், சட்டையில் ஒட்டும். 'அப்ஹோல்ஸ்டரி ஃபினிஷ்' மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல், ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் என்று கேளுங்கள். வெள்ளைப் பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, அழுத்தி ஐம்பது தடவை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் அந்தத் தோல் காருக்கு வேண்டாம். காருக்குள் வரும் பொருள் எவ்வளவு வேகமாகத் தீப்பிடித்துப் பரவலாம் என்பதற்கு ஐஎஸ் 15061 என்ற இந்தியத் தரமும் உண்டு. கம்பெனி சீட் அந்தச் சோதனையைக் கடந்து வந்தது. வெளியே வாங்குவதற்கு நாம்தான் கேட்க வேண்டும்.

தையலுக்குள் இருக்கும் உயிர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

இப்போது பல கார்களில் அடிப்படை மாடலிலேயே ஆறு ஏர்பேக் வருகிறது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் மோதல் சோதனை நடைமுறைக்கு வந்தபின் அதைப் பார்த்து வாங்குவோரும் அதிகமாகிவிட்டார்கள். அந்த ஆறில் இரண்டு, பெரும்பாலும் முன் சீட்டுகளின் முதுகுப் பகுதிக்குள், கதவுப் பக்கமாக ஒளிந்திருக்கின்றன. சீட்டின் ஓரத்தில் 'ஏர்பேக்' என்று சிறிய பட்டை தைத்திருக்கும். பக்கவாட்டில் மோதல் நடந்தால் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக அந்தப் பை வெளியே வர வேண்டும். வருவதற்கு வழி, அந்த ஓரத் தையல். அது கிழிய வேண்டும் என்பதற்காகவே கம்பெனியில் வேறு வகை நூல் போட்டுக் கணக்காகத் தைக்கிறார்கள்.

இப்போது யோசியுங்கள். அந்த ஓரத்தை இறுக்கி மூடி ஒரு தடித்த உறை போட்டால், அல்லது குஷன் கடையில் சீட்டைப் பிரித்துக் கிழியாத நைலான் நூலில் நான்கு வரி தைத்துவிட்டால், பை எங்கே போகும்? வெளியே வராமல் உள்ளேயே அடைபடலாம், அல்லது தப்பான திசையில் விரியலாம். நம் தையல்காரர்களின் கைவேலை பற்றி இங்கே குறை ஒன்றும் இல்லை. நல்ல தையல்காரர் உறுதியாகத்தான் தைப்பார். இங்கே மட்டும் உறுதியே ஆபத்து.

எனவே மூன்று விதிகள்:

1. சீட்டில் ஏர்பேக் பட்டை இருந்தால், அந்த ஓரம் முழுக்கத் திறந்திருக்கும் உறை, அல்லது கார் கம்பெனியே அந்த மாடலுக்கென விற்கும் உறை மட்டும்.

2. அந்தச் சீட்டின் முதுகுப் பகுதியைப் பிரித்துத் தைக்கவே வேண்டாம். உட்காரும் பகுதியை மட்டும் மாற்றலாம். அப்போதும் அடியில் சீட் பெல்ட் எச்சரிக்கைக்கான உணரி இருக்கும். அதன் ஒயரை வெட்டி ஒட்டக் கூடாது.

3. காற்றோட்ட சீட் என்றால் எந்த உறையும் பயனற்றது. துளை போட்ட மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே இருக்கும் விசிறி வேலை செய்கிறது. அதை மூடிவிட்டால் அதற்காகக் கொடுத்த பணம் வீண்.

பராமரிப்பு

பூச்சுதான் மேலே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் இது சுலபம். பூச்சைச் சுத்தமாக வைத்தால் போதும். வரிசை மட்டும் முக்கியம்.

1. முதலில் உலர்ந்த வேலை. வேக்குவம் அல்லது மென்மையான பிரஷ். தையல் இடுக்கிலும், முதுகும் உட்காருமிடமும் சேரும் மடிப்பிலும் சாம்பல் தங்கும். வாரம் ஒருமுறை இதைச் செய்தாலே ஆயுள் கூடும்.

2. அதன்பிறகு ஈரம். மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். சொட்டக் கூடாது.

3. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கென்றே விற்கும் கிளீனர். சீட்டில் நேராக ஊற்றாமல் பிரஷ்ஷில் ஊற்றி, நுரை வந்ததும் துணியால் எடுங்கள். ஸ்டியரிங்கையும் தலைசாய்ப்பானையும் மாதம் ஒருமுறை.

4. நிழலில் கதவைத் திறந்துவைத்துக் காயவிடுங்கள்.

துணி சோப்பு ஏன் கூடாது? தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 3.5 முதல் 5 வரை. சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். ஒருமுறை துடைத்தால் ஒன்றும் ஆகாது. தொடர்ந்து செய்தால் பூச்சும், தையல் துளை வழியே இறங்கி உள்தோலும் பலவீனமாகும். சானிடைசர், ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் எல்லாம் பூச்சையே கரைப்பவை. கொரோனா காலத்தில் கைக்குப் போட்ட சானிடைசர் காயாமலே ஸ்டியரிங்கைப் பிடித்துப் பல கார்களில் நிறம் போனது இதனால்தான். தேங்காய் எண்ணெய், டேஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கான் பாலிஷ், ஷூ பாலிஷ் இவையும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், சிலிக்கான் வழுக்கும், பாலிஷ் வேட்டியில் ஒட்டும்.

கண்டிஷனர், அதாவது தோலை இளக்கமாக வைக்கத் தடவும் கிரீம்? நிஜத் தோல் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை, மெல்லிசாக, போதும். லெதரெட்டுக்குத் தேவையே இல்லை. துளை போட்ட சீட்டில் கிரீம் தடவினால் துளை அடைத்துக்கொள்ளும்.

மஞ்சள் கறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுக் காருக்கும் ஆயுத பூஜைக்கும் ஸ்டியரிங், கதவு, சில வேளை சீட்டிலும் மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். மஞ்சள் பட்ட இடத்தை அவசரமாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் கறை செக்கச்செவேலென்று ஆகும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டதும் ஆரத்தி சிவப்பது இதே காரணத்தால்தான். தேய்க்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மிச்சம் இருப்பதை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும். குர்குமின் வெயிலில் வெளுத்துவிடும் பொருள். வெளிர் நிற சீட் உள்ளவர்கள் ஒரு துணியைப் போட்டு அதன் மேல் பொட்டு வைக்கலாம்.

ஜீன்ஸ் நீலம் அப்படியில்லை. நாளாக நாளாக அது பூச்சுக்குள் இறங்கும். பார்த்த வாரமே கிளீனரால் எடுக்க வேண்டும்.

பூஞ்சை கண்டால் காருக்குள்ளேயே தட்டாதீர்கள், வித்து ஏசிக்குள் போகும். கதவெல்லாம் திறந்து, முகமூடி அணிந்து, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிறகு கிளீனர், பிறகு அரை மணி நேரம் ஏசி ஓடவிட்டு உள்ளே ஈரத்தைக் குறையுங்கள். கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஈரம் அங்கேதான் இருக்கும்.

வெடிப்பு முதலில் தெரியும் இடம் ஓட்டுநர் சீட்டின் வலப்பக்கத் திண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் மேல் வழுக்கிப் போகிறோம். பின் பாக்கெட்டின் பித்தளைக் குமிழும் சாவியும் கூடவே கீறும். மெல்லிய கோடுகளாக இருக்கும்போதே பார்த்தால், சுத்தம் செய்து, நிரப்பி, நிறமியும் மேல்பூச்சும் அடித்துச் சரிசெய்யும் வேலையை அதற்கென உள்ள கடைகளில் செய்துகொள்ளலாம். உள்ளே நார் தெரிய ஆரம்பித்துவிட்டால் அந்தத் துண்டை மாற்றுவதுதான் வழி. லெதரெட் உரிந்தால் சரிசெய்ய வழியே கிடையாது.

வெள்ளம் புகுந்தால்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. அப்படி நனைந்த காரைத் தண்ணீர் வடிந்ததும் கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்துவதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. ஈரத் தோலும் மூடிய காரின் சூடும் சேர்ந்தால், முதலில் சொன்ன சுருக்கம் இங்கேதான் வேலை காட்டும். தோல் விறைத்து, தையலை இழுத்துக்கொண்டு சுருங்கும்.

செய்ய வேண்டியது இது. எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாவியைப் போடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்; சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற இணைப்பு ஏர்பேக்குக்குப் போவது, மெக்கானிக் தவிர யாரும் தொடக் கூடாது. சீட்டைக் கழற்றி வெளியே எடுத்தால்தான் உள்ளே இருக்கும் ஃபோம் காயும். மேலே தோல் காய்ந்து, ஃபோம் ஈரமாகவே இருந்தால் ஒரு வாரத்தில் நாற்றம் கிளம்பும். சேற்றையும் சாக்கடை நீரையும் நல்ல தண்ணீரால் துடைத்து எடுத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் மெதுவாகக் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். நன்றாகக் காய நாலைந்து நாள் ஆகும். முழுக்கக் காய்வதற்குச் சற்று முன், லேசான ஈரம் இருக்கும்போது ஒருமுறை கண்டிஷனர் தடவலாம். தோலில் ஊறிப்போன மசகு எண்ணெய் தண்ணீரோடு வெளியேறியிருக்கும், அதை ஈடுகட்ட இது ஒன்றுதான் சந்தர்ப்பம்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு வேண்டும். கம்பெனி சீட் காரோடு சேர்ந்தது. வெளியே போட்ட தோல் அப்ஹோல்ஸ்டரி, பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டு அதற்கும் பிரீமியம் கட்டியிருந்தால்தான் கணக்கில் வரும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது, முடிந்தால் அக்டோபர் மழைக்கு முன்னால், தைத்த கடையின் பில்லைக் காட்டி அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.